எஸ்கிலஸின் 'அகமெம்னோன்': முதல் முறை படிப்பவருக்கு ஒரு வழி

பத்து ஆண்டுப் போர் முடிந்து ராஜா ஊருக்குத் திரும்புகிறான். மனைவி வரவேற்று உள்ளே அழைத்துப் போகிறாள். குளியல் தொட்டியில் வைத்து வெட்டிக் கொல்கிறாள். எஸ்கிலஸ் எழுதிய 'அகமெம்னோன்' நாடகத்தின் கதை இவ்வளவுதான். கிமு 458-இல் ஏதென்ஸில் அரங்கேறி முதல் பரிசு வாங்கியது. ஆனாலும் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இருநூறு வரி தாண்டுவதற்குள் களைத்துப்போகிறார்கள். கோரஸ் என்னும் பாடகர் குழுவின் பாட்டு நீண்டுகொண்டே போகிறது, யார் யாரோ பெயர்கள் வருகின்றன, மேடையில் எதுவும் நடக்கவில்லை. சரி, பாட்டைத் தள்ளிவிட்டு வசனத்துக்குப் போவோம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

அதை மட்டும் செய்யாதீர்கள் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. அவள் ஏன் கொன்றாள் என்பதற்கான விடை முதல் பாட்டிலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போனவருக்குக் கிளைடெம்னெஸ்ட்ரா வெறும் கள்ளக்காதலுக்காகக் கணவனைக் கொன்றவளாகத்தான் தெரிவாள். பாட்டைப் படித்தவர் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

படி 1: குடும்பக் கதையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

கதை தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருந்த ஏதென்ஸ்காரர்களுக்கு முடிவு முன்பே தெரியும். அகமெம்னோன் சாவானா பிழைப்பானா என்று பார்க்க அவர்கள் வரவில்லை. தெரிந்த கதையை இந்தக் கவிஞர் எங்கே திருப்புகிறார் என்று பார்க்கத்தான் வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்கும் தெரிந்திருந்தால்தான் நாடகம் பிடிபடும்.

வம்சத்தின் மூதாதை டான்டலஸ். தேவர்களைச் சோதித்துப் பார்க்கப் பெற்ற மகன் பீலொப்ஸையே வெட்டிச் சமைத்து அவர்களுக்கு விருந்து வைத்தவன். தேவர்கள் பிள்ளையை உயிர்ப்பித்துக் கொடுத்தார்கள். அந்தப் பீலொப்ஸ் வளர்ந்து, ஹிப்போடாமியாவை மணக்க ஒரு தேர்ப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டியிருந்தது. எதிரியின் தேரோட்டி மிர்டிலஸைக் கைக்குள் போட்டுக்கொண்டு ஜெயித்தான். அப்புறம் அவனையே கடலில் தள்ளிக் கொன்றான். மிர்டிலஸ் சாகும்போது சாபமிட்டான் என்பது கதை.

இந்த இரண்டு தலைமுறையும் பின்னணிதான். நாடகத்தில் இவர்கள் அநேகமாகப் பெயராக மட்டுமே வருகிறார்கள். அடுத்த தலைமுறையைத்தான் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பீலொப்ஸின் பிள்ளைகள் அட்ரியஸ், தையெஸ்டீஸ். அரசுரிமைக்காக இருவருக்கும் சண்டை. தையெஸ்டீஸ் அண்ணன் மனைவியோடு உறவு வைத்துக்கொண்டான். அட்ரியஸ் சமாதானம் பேசுவதுபோலத் தம்பியை விருந்துக்கு அழைத்து, தம்பி பிள்ளைகளையே கொன்று சமைத்துப் பரிமாறினான். தான் தின்றது எது என்று தெரிந்ததும் தையெஸ்டீஸ் சாப்பாட்டு மேசையை உதைத்துத் தள்ளி, இந்த வம்சமே இப்படி அழிந்துபோகட்டும் என்று சபித்தான். தப்பிய ஒரு பிள்ளை எஜிஸ்தஸ், அப்போது கைக்குழந்தை.

அட்ரியஸின் மகன்கள்தான் அகமெம்னோனும் மெனலாஸும். ஆக, எஜிஸ்தஸுக்கும் அகமெம்னோனுக்கும் இருப்பது பங்காளிப் பகை. அண்ணன் கிளைடெம்னெஸ்ட்ராவையும் தம்பி ஹெலனையும் கட்டினார்கள். பெண்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள். டிராய் நகரத்து இளவரசன் பாரிஸ் மெனலாஸ் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து ஹெலனோடு போய்விட்டான். உண்ட வீட்டுக்குச் செய்த இந்தத் துரோகத்தைத் தண்டிக்கச் சியூஸ் தேவனே இரண்டு சகோதரர்களையும் அனுப்பினார் என்று கோரஸ் பாடுகிறது. கடற்படை ஆலிஸ் துறைமுகத்தில் திரண்டது. அங்கே நடந்ததைப் படி 4-இல் பார்ப்போம்.

குழப்பம் வரக்கூடிய இரண்டு இடங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹோமரின் காவியங்களில் அகமெம்னோனின் ஊர் மைசீனி. இந்த நாடகத்தில் ஆர்கோஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். நாடகம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஏதென்ஸ் ஆர்கோஸோடு நட்பு உடன்படிக்கை செய்திருந்தது.

இன்னொன்று, கொலை யார் கையால் நடந்தது என்பது. ஒடிசியில் கிளைடெம்னெஸ்ட்ராவின் கள்ளக்காதலன் எஜிஸ்தஸ்தான் திட்டம் போடுகிறான், விருந்தில் வைத்துக் கொல்கிறான். எஸ்கிலஸ் திட்டத்தையும் ஆயுதத்தையும் கிளைடெம்னெஸ்ட்ராவின் கையில் கொடுத்துவிட்டார். இலியட்டிலும் ஒடிசியிலும் வராத ஒன்றை, அகமெம்னோன் தன் மகளையே பலி கொடுத்ததை, எடுத்து நாடகத்தின் வாசலிலேயே வைத்தார். அவர் செய்த பெரிய மாற்றம் இதுதான்.

படி 2: வரி எண் போட்ட பதிப்பாகத் தேடுங்கள்

நாடகம் மொத்தம் 1673 வரிகள். எந்த ஆங்கில மொழிபெயர்ப்பாக இருந்தாலும் ஓரத்தில் வரி எண் இருக்கிறதா என்று பாருங்கள். கிரேக்க மூலத்தின் வரி எண்ணைத்தான் எல்லா உரைகளும் கட்டுரைகளும் குறிப்பிடுகின்றன. அது இல்லாமல் ஒன்றையும் ஒப்பிட முடியாது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பெர்சியஸ் மின்நூலகத்தில் ஹெர்பர்ட் வியர் ஸ்மித்தின் பழைய உரைநடை மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நடை கொஞ்சம் பழசு. ஆனால் அர்த்தம் தெளிவாக இருக்கும்.

படி 3: மேடையை மனதில் கட்டிக்கொள்ளுங்கள்

அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் டயோனிசஸின் திறந்தவெளி அரங்கம். வசந்த காலத் திருவிழா. ஒரு கவிஞருக்கு ஒரு நாள். மூன்று துன்பியல் நாடகமும் அதன்பின் ஒரு கேலி நாடகமும் பகல் வெளிச்சத்தில் நடக்கும். பேசும் நடிகர்கள் மூன்றே பேர், எல்லோரும் ஆண்கள், முகமூடி அணிந்தவர்கள். கிளைடெம்னெஸ்ட்ராவும் கசாண்ட்ராவும்கூட முகமூடி போட்ட ஆண்கள்தான். கோரஸ், கீழே இருக்கும் தளத்தில் ஆடிப் பாடும் குழு. இந்த நாடகத்தில் அவர்கள் ஆர்கோஸின் கிழவர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பே போருக்குப் போக முடியாத அளவுக்கு வயதானவர்கள்.

பின்னால் அரண்மனை, அதற்கு நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவை மட்டும் மறக்காதீர்கள். யார் அதன் வழியாக வருகிறார், யார் யாரை உள்ளே அனுப்புகிறார், யார் அதில் நிற்கிறார் என்று ஒவ்வொரு காட்சியிலும் கவனியுங்கள். ராஜா இல்லாத வீட்டில் அந்த வாசல் கிளைடெம்னெஸ்ட்ராவின் வசம் இருக்கிறது.

படி 4: ஐந்து அமர்வாகப் பிரித்துப் படியுங்கள்

முதல் அமர்வு, வரி 1 முதல் 257 வரை. ஐந்தில் இதுதான் கடினம், இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும்.

அரண்மனைக் கூரையில் காவலாளி ஒருவன் நாய்போலப் படுத்துக்கிடக்கிறான். டிராய் விழுந்தது என்று சொல்லும் தீப்பந்தம் தெரிகிறதா என்று ஒரு வருஷமாக இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். படுக்கை பனியில் நனைந்து கிடக்கிறது. தூங்கிவிடுவோமோ என்று பயம். தீ தெரிந்ததும் துள்ளிக் குதிக்கிறான். உடனே அடங்கிப்போகிறான். இந்த வீட்டில் நடப்பதைச் சொல்ல முடியாது, நாக்கின்மேல் பெரிய மாடு ஏறி நிற்கிறது என்கிறான். நல்ல செய்திக்கு அடியிலேயே பயம் ஓடுவதை நாற்பது வரிக்குள் காட்டிவிடுகிறார் எஸ்கிலஸ்.

பிறகு கிழவர்கள் வந்து பாடுகிறார்கள். பாட்டு நேர்வரிசையில் போகாது. பத்து ஆண்டுகள் பின்னால் போகும், நடுவில் சியூஸை வேண்டும், மறுபடி கதைக்கு வரும். கையில் பென்சில் வைத்துக்கொண்டு இந்த மூன்று இடங்களுக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: படை புறப்படும்போது இரண்டு கழுகுகள் சினை முயலைக் கிழித்துத் தின்பது, துன்பப்பட்டுத்தான் மனிதன் தெளிவடைவான் என்பது சியூஸ் வகுத்த விதி என்று கோரஸ் சொல்வது, ஆலிஸில் நடக்கும் பலி.

ஆலிஸில் எதிர்க்காற்று. கப்பல்கள் நகரவில்லை, படை பசியில் கிடக்கிறது. ஆர்ட்டெமிஸ் தேவியின் கோபம் தணிய மகள் இபிஜீனியாவைப் பலி கொடுக்க வேண்டும் என்கிறான் குறிசொல்லி கால்கஸ். வேறு கதைகளில் அகமெம்னோன் ஒரு மானைக் கொன்று பெருமை பேசியதால் தேவி கோபித்தாள் என்று வரும். எஸ்கிலஸ் அப்படி எளிதான காரணம் எதுவும் தரவில்லை. கழுகுகள் தின்ற முயலுக்காகத் தேவி கோபிக்கிறாள். கழுகுகள் குறிப்பது இந்த இரண்டு சகோதரர்களைத்தான். அப்படியானால் டிராயில் இனி இவர்கள் செய்யப்போகும் அழிவுக்கு முன்கூட்டியே விலை கேட்கப்படுகிறதா? அறிஞர்கள் இன்றும் வாதாடும் இடம் இது. முதல் வாசிப்பில் தீர்வு தேட வேண்டாம்.

அகமெம்னோன் அழுகிறான். கோலைத் தரையில் அடிக்கிறான். கீழ்ப்படியாவிட்டாலும் கொடுமை, மகளைக் கொன்றாலும் கொடுமை என்று தவிக்கிறான். அப்புறம் மனம் திரும்பிவிடுகிறது. கட்டாயத்தின் நுகத்தடியில் அவனே கழுத்தைக் கொடுத்தான் என்கிறது கோரஸ். தேவி கட்டளையா, அவன் எடுத்த முடிவா? இரண்டையும் ஒரே வரியில் வைத்துவிட்டார்.

அதன்பின் வரும் வரிகளை மெதுவாகப் படியுங்கள். பெண் அப்பா அப்பா என்று கூப்பிடுகிறாள், யாரும் காதில் வாங்கவில்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல அவளைப் பலிபீடத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்கிறான் தகப்பன். குடும்பத்தைச் சபித்துவிடக் கூடாது என்று வாயை அடைக்கிறார்கள். குங்குமப்பூ நிறச் சேலை தரையில் வழிகிறது. பேச முடியாமல், ஓவியத்தில் இருப்பவள்போல, தன்னைக் கொல்ல நிற்கும் ஒவ்வொருவரையும் கண்ணால் கெஞ்சுகிறாள். அப்பா வீட்டு விருந்துகளில் அவர்கள் முன்னால் பாடியவள் அவள். எல்லோரும் தெரிந்த முகங்கள். இதற்கு மேல் நடந்ததை நான் பார்க்கவில்லை, சொல்லவும் மாட்டேன் என்று கோரஸ் நிறுத்திக்கொள்கிறது.

இதைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடலாம். அன்றைக்கு அது போதும்.

இரண்டாம் அமர்வு, 258 முதல் 781 வரை. இது ஓட்டமாகப் போகும். டிராய் விழுந்தது என்று கிளைடெம்னெஸ்ட்ரா சொல்கிறாள், கிழவர்கள் நம்பவில்லை. கனவு கண்டாயா, வதந்தியா என்கிறார்கள். சின்னப் பெண்ணிடம் பேசுவதுபோலவா என்னிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, தீ வந்த வழியை அடுக்குகிறாள்: ஈடா மலை, லெம்னோஸ் தீவு, ஆதோஸ், மகிஸ்டஸ், மெசாப்பியன், கித்தேரான், ஐகிபிளாங்க்டஸ், அரக்னேயஸ், அங்கிருந்து இந்தக் கூரை. கிரேக்க வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் மலைக்கு மலை தீ தாவுவது தெரியும். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் எவ்வளவு காலமாகத் திட்டம் போட்டிருப்பாள் என்பதும் தெரியும்.

போருக்குப் போனவர்களின் துயரமும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. போர்த் தேவன் ஆரெஸ் உடல்களை வாங்கிச் சாம்பலைத் திருப்பித் தரும் பணம் மாற்றுக்காரன் என்கிறது கோரஸ். வீட்டிலிருந்து ஆள் போனான், ஜாடி திரும்பி வந்தது. எவன் மனைவிக்காகவோ எங்கள் பிள்ளைகள் செத்தார்கள் என்று ஊரில் முணுமுணுப்பு. பிறகு வரும் தூதன் வெற்றியைப் பாட வந்தவன், ஆனால் அவன் வாயில் வருவது ஈரத் தரையும் பேன் பிடித்த தலையும் பறவைகளைக் கொன்ற குளிரும்தான். எஸ்கிலஸ் கிமு 490-இல் பாரசீகப் படையை எதிர்த்து மாரத்தானில் சண்டை போட்டவர். அவருடைய சகோதரர் அங்கேதான் செத்தார். அந்த அனுபவத்தின் கனம் இந்த வரிகளில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நேற்று ராத்திரி தீ தெரிந்தது, அதற்குள் ராஜா எப்படிக் கடல் தாண்டி வந்துவிட்டான் என்று கேட்காதீர்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் நாட்கள் ஓடிவிடுவது இந்த அரங்கின் வழக்கம்.

மூன்றாம் அமர்வு, 782 முதல் 1034 வரை. அகமெம்னோன் தேரில் வருகிறான். அவனோடு ஒரு பெண் இருக்கிறாள், பேசவில்லை. இருக்கிறாள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அவன் காலடியில் கடல் சிப்பிச் சாயத்தில் தோய்த்த செந்நீலத் துணிகளை விரிக்கச் சொல்கிறாள் கிளைடெம்னெஸ்ட்ரா. இது வெறும் மரியாதை இல்லை. வீட்டுச் செல்வத்தை மிதித்து நடப்பது. தேவர்களுக்கு மட்டும் உரிய உபசாரம். அவனே அதைச் சொல்லி மறுக்கிறான். அவள் வாதாடவில்லை, கேள்வி கேட்கிறாள். ஜெயித்தது டிராய் ராஜா பிரையமாக இருந்தால் என்ன செய்திருப்பான்? நடந்திருப்பான் என்கிறான். அப்படியென்றால் ஊர் வாய்க்கு நீ ஏன் பயப்படுகிறாய்? ஜெயித்தவன் தோற்றுக்கொடுப்பதும் அழகுதானே? பதின்மூன்று வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. டிராயைப் பத்து ஆண்டுகள் முற்றுகையிட்டவன் பத்து நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, சிவப்பின் மேல் நடந்து கதவுக்குள் போகிறான். இந்த வசனங்களை இன்னொருவரோடு ஆளுக்கொரு பங்காக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; அவள் எந்த வரியில் ஜெயிக்கிறாள் என்பது காதில் விழும்.

நான்காம் அமர்வு, 1035 முதல் 1330 வரை. நாடகத்தின் உச்சம் கொலையில் இல்லை, இங்கே இருக்கிறது என்பேன்.

தேரில் இருந்தவள் கசாண்ட்ரா, டிராய் ராஜாவின் மகள், இப்போது அடிமை. அப்போலோ அவளுக்குக் குறிசொல்லும் வரம் கொடுத்தான். அவள் வாக்குக் கொடுத்துவிட்டு அவனுக்கு இணங்கவில்லை. அதனால் நீ சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள் என்று ஆக்கிவிட்டான். கிட்டத்தட்ட முந்நூறு வரி பேசாமல் நிற்கிறாள். பேசும் நடிகர்கள் குறைவு என்பதால் இவள் ஊமைப் பாத்திரம் என்றே பார்ப்பவர்கள் நினைத்திருக்கலாம். கிளைடெம்னெஸ்ட்ரா உள்ளே வா என்கிறாள், பதில் இல்லை. ராஜாவையே உள்ளே அனுப்பியவளால் இந்த அடிமைப் பெண்ணை அசைக்க முடியவில்லை. கிளைடெம்னெஸ்ட்ரா உள்ளே போனதும், 1072-ஆம் வரியில், கசாண்ட்ராவின் அலறல் எழுகிறது. முதலில் சொற்களே இல்லை, ஓலம்தான்.

அப்புறம் அவள் கண்ணுக்கு வீடு தெரிகிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள், கையில் தங்கள் சதையையே ஏந்தியபடி. தையெஸ்டீஸின் பிள்ளைகள். உள்ளே குளியல் தொட்டி, வலை, வெட்டுகிற கை. நடந்ததும் நடக்கப்போவதும் ஒரே நேரத்தில். படி 1-இல் குடும்பக் கதையைத் தெரிந்துகொள்ளச் சொன்னது இந்த இடத்துக்காகத்தான். தெரியாதவருக்கு இது பிதற்றலாகவே படும். கிழவர்களுக்குப் பழைய கதை புரிகிறது, வரப்போவது புரியவில்லை. அகமெம்னோனின் சாவைப் பார்ப்பீர்கள் என்று பெயர் சொல்லியே சொல்கிறாள். அப்போதும் அவர்களுக்கு ஏறவில்லை.

குறிசொல்லியின் கோலையும் மாலையையும் பிய்த்து எறிந்துவிட்டுக் கதவை நோக்கி நடக்கிறாள். வாசலில் நின்றுவிடுகிறாள். வீடு ரத்தம் வீசுகிறது என்கிறாள். பலியிட்ட வாசனை அது என்கிறார்கள் கிழவர்கள். தெரிந்தே உள்ளே போகிறாள். இந்த வீட்டுக்குள் எங்கே போகிறோம் என்று தெரிந்து போகிறவள் அவள் ஒருத்திதான்.

ஐந்தாம் அமர்வு, 1331 முதல் கடைசி வரை. 1343-இல் உள்ளே இருந்து அகமெம்னோனின் குரல். கிழவர்கள் ஆளுக்கு இரண்டு வரியாக என்ன செய்யலாம் என்று ஆலோசிக்கிறார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கதவு திறக்கிறது, இரண்டு பிணங்கள், மேலே நிற்கிறாள் கிளைடெம்னெஸ்ட்ரா. இதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று கூசாமல் சொல்கிறாள். துணியை வலைபோல வீசி மூன்று முறை வெட்டியதைச் சொல்கிறாள். தெறித்த ரத்தம் மழை கண்ட பயிர்போல என்னைக் குளிர்வித்தது என்கிறாள்.

கோரஸ் அவளைப் பழிக்கும்போது அவள் இபிஜீனியாவின் பெயரை எடுக்கிறாள். என் மகளைக் கொன்றபோது இவனை ஏன் நாடு கடத்தவில்லை என்று கேட்கிறாள். முதல் அமர்வில் பாட்டைத் தள்ளிவிட்டு வந்தவருக்கு இந்தக் கேள்வி காதோடு போய்விடும். படித்தவருக்கு அந்தப் பெண்ணின் கண்கள் நினைவுக்கு வரும். பதில் சொல்லக் கோரஸும் திணறுகிறது. அதற்காக அவள் செய்தது நியாயம் ஆகிவிடாது. கசாண்ட்ரா அவளுக்கு என்ன தீங்கு செய்தாள்? அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஜிஸ்தஸ் கடைசியில்தான் வருகிறான், ஆட்களோடு. அப்பாவுக்கு நடந்த விருந்தைச் சொல்லிப் பழி தீர்ந்தது என்கிறான். கிழவர்கள் பெண்ணை விட்டுக் கொல்ல வைத்தவன் என்று காறித் துப்பாத குறையாகப் பேசுகிறார்கள். அவன் காட்சி சின்னது, அவனும் சின்னவனாகத்தான் தெரிகிறான்.

படி 5: இரண்டாம் வாசிப்பில் வலையைத் தொடருங்கள்

ஒரு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். இந்த முறை வலை, கண்ணி, நெய்த துணி என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் குறியிடுங்கள். டிராய்மேல் வீசப்பட்ட வலையிலிருந்து குளியலறையில் விழும் துணிவரை ஒரே நூல் ஓடுவது தெரியும். சிங்கக்குட்டியை வீட்டில் வளர்த்த கதை (717 முதல்) யாரைப் பற்றியது என்றும் யோசியுங்கள். ஹெலன் என்று கோரஸ் நினைக்கிறது. எனக்கு அந்த வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்துவதாகப் படுகிறது.

படி 6: அடுத்த இரண்டு நாடகங்களையும் விட்டுவிடாதீர்கள்

'ஓரெஸ்டியா' என்ற முத்தொகுதியின் முதல் பாகம்தான் இது. கிரேக்கத் துன்பியலில் முழுதாகத் தப்பி வந்த ஒரே முத்தொகுதி இதுதான். கூடவே நடந்த 'புரோட்டியஸ்' என்ற கேலி நாடகம் தொலைந்துவிட்டது. இரண்டாவதில் மகன் ஒரெஸ்டஸ் வந்து தாயைக் கொல்கிறான். மூன்றாவதில் அவனைத் துரத்தும் பழிதீர்க்கும் தேவியரோடு ஏதென்ஸில் வழக்கு நடக்கிறது.

இரண்டாம் நாடகத்தைத் திறந்ததும் முதல் சில வரிகள் துண்டு துண்டாக இருக்கும். நமக்குக் கிடைத்த கையெழுத்துப் பிரதியில் தொடக்கம் இல்லை. அரிஸ்டோஃபனீஸ் தன் 'தவளைகள்' நாடகத்தில் எடுத்தாண்ட வரிகளையும் வேறு சில மேற்கோள்களையும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அச்சுப் பிழையோ என்று வேறு பதிப்பு தேட வேண்டாம். ஒரெஸ்டஸ் அப்பாவின் சமாதியில் ஒரு கற்றை முடியை வைப்பதிலிருந்து கதை பிடிபட்டுவிடும்.